பேகுன்கோதர் ரயில் நிலையம்

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் உள்ள சிறு நிலையம். பேய்க்கதையால் 42 ஆண்டுகள் மூடிக் கிடந்ததாகப் பெயர் பெற்றது. 1967இல் தண்டவாளத்தோரம் வெள்ளைச் சேலைப் பெண்ணுருவம் ஒன்றை நிலைய அதிகாரி பார்த்ததாகவும், பிறகு அவர் இறந்துவிட்டதாகவும் சொல்வார்கள். அங்கே வேலைக்குப் போக ஆளில்லாமல் ரயில்கள் நிற்பது நின்றது. 2009இல்தான் மீண்டும் நிறுத்தம் கிடைத்தது.

இத்தகைய கதைகள் திரையிலும் உண்டு: ஜப்பானியப் படமான ‘ஒதோஷிமோனோ’ (2006) ரயில் பாதைச் சாவோடு ஆவியை இணைக்கிறது. ஆனால் அச்சத்தை வளர்ப்பது சாவு அல்ல, ஆளற்ற தனிமையே. சென்னை பரங்கிமலை நிலையத்தில் 2018 ஜூலையில் மின்ரயில் படியில் தொங்கிச் சென்றவர்கள் பக்கச்சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அது கொடிய இழப்பு. ஆயினும் அந்த நிலையத்தை யாரும் பேய்க்கு அஞ்சி ஒதுக்கவில்லை. கடைசி வண்டி வரை அங்கே கூட்டம் இருக்கிறது. அப்படியானால் பேகுன்கோதரில் ஒரு தலைமுறையே பயந்ததே, அது பொய்யா என்று கேட்கலாம். பயம் மெய்தான்; காரணம்தான் வேறு. விளக்கும் ஊழியரும் இல்லாத நடைமேடையில் இருட்டிய பின் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். 2017 டிசம்பரில் பகுத்தறிவாளர் குழு ஒன்று பேகுன்கோதரில் இரவு முழுக்கத் தங்கியது. பேய் எதுவும் வரவில்லை.