எள்ளலும் மன்னிப்பும்: உதகை மேசையிலிருந்து ஆடுகளம் வரை

உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைக்கு விளையாட்டு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று முதன்முதலாகத் தொங்கவிடப்பெற்றது அவ்வறையில்தான். வகுத்தவர் நெவில் பிரான்சிஸ் சேம்பர்லின் என்னும் படை அதிகாரி. பின்னாளில் பிரிட்டனின் பிரதமராயிருந்த நெவில் சேம்பர்லின் வேறு, இவர் வேறு. சென்னைப் படையின் தலைமைத் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸ் கோடையை நீலகிரியில் கழிப்பது வழக்கமாதலின், அவருடைய பணிக்குழுவைச் சார்ந்த இவரும் மலையேறி வந்தார். உதகைக்கு வருவோர்க்கு இவ்வளவும் சொல்லப்படுவதுண்டு. ஆட்டத்தின் பெயர் ஓர் ஏளனச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதும், அவ்வேளனத்தின் பின்னாலேயே ஒருவகை மன்னிப்பும் வந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சேம்பர்லின் தம் எண்பத்திரண்டாம் வயதில், 1938ஆம் ஆண்டு, ‘தி ஃபீல்ட்’ என்னும் ஆங்கில இதழுக்கு எழுதிய கடிதத்தில் அந்நிகழ்ச்சியை விவரித்துள்ளார். காலம் 1875ஆம் ஆண்டின் மழைக்காலம். இடம் ஜபல்பூர்ப் பாளையத்தில் டெவன்ஷயர் படைப்பிரிவினரின் உணவுக்கூடம். அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் புதுப்புது வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பொழுது போக்கிக்கொண்டிருந்தனர். உல்விச் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவரை ‘ஸ்நூக்கர்’ என்று மட்டமாக அழைப்பது வழக்கம் என்னும் செய்தி இளம் அதிகாரி ஒருவர் வாயிலாக அவர்களுக்கு எட்டியிருந்தது. மூலைப் பைக்கு அருகில் நின்ற வண்ணப் பந்தை உள்ளே தள்ள ஒருவர் தவறியபோது சேம்பர்லின் அச்சொல்லால் அவரைக் கேலி செய்தார். கூடியிருந்தோர்க்கு அதன் பொருளை விளக்கவும் நேர்ந்தது. கேலிக்கு ஆளானவரின் மனத்தை ஆற்றும்பொருட்டு, இவ்வாட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்நூக்கர்கள்தாம் என்று சேர்த்துச் சொன்னார். ஆட்டத்திற்கு அதுவே பெயராயிற்று.

இக்கேலி இனம் பற்றியது அன்று, அனுபவமின்மை பற்றியது. எனினும், கேலிக்குப் பின் வரும் மன்னிப்பை எடைபோட இது நல்லதொரு படிக்கல். சொன்னவர், கேட்டவர் முகம் பார்த்து, அதே அறையில், அதே மூச்சில் ஆறுதல் மொழிந்தார். தாம் வீசிய சொல்லைத் தம் தலைமேலும் ஏற்றிக்கொண்டார். ஆனால் அது இயன்றதற்குக் காரணம் இருவரும் ஒரே நிலையில் நின்ற அதிகாரிகள் என்பதுதான். அன்றைய உதகை கிளப்பில் உறுப்பினர் அனைவரும் வெள்ளையர், பணிபுரிந்தோர் இந்நாட்டவர். ஏவலர் ஒருவரை நோக்கி அவர் நிறம் பற்றியோ பிறப்புப் பற்றியோ ஒரு சொல் வீசப்பட்டிருக்குமாயின், ‘நாம் எல்லாருமே அப்படித்தான்’ என்று துரையால் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தால் அது இரண்டாவது கேலியாகியிருக்கும். இனக்கேலிக்குரிய மன்னிப்பின் சிக்கல் முழுதும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவதும், அவற்றுள் எள்ளல் முதலில் நிற்பதும் வட்டத்து அன்பர்கள் அறிந்ததே. உரைகாரர் பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாகப் பகுப்பார். ஒருவன் பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகை வியப்புக்குரியது. எள்ளப்பட்டவன் ஏன் நகுகிறான்? பொருள் விளங்காமல் நகலாம். விளங்கியும் வேறு வழியின்றி நகலாம். இருவகைக்கும் அண்மைக்கால விளையாட்டுலகம் சான்று தருகிறது.

மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராயிருந்து 2012, 2016ஆம் ஆண்டுகளில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற டேரன் சமி, இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் ஐதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காக விளையாடியபோது ‘காலூ’ என்று அழைக்கப்பட்டார். இலங்கையரான திசர பெரேராவுக்கும் அதே பெயர். வலிய குதிரை என்பது போன்ற பொருள் அதற்கு என்று எண்ணி அவரும் மகிழ்ந்திருந்தார். கறுப்பன் என்னும் இழிபொருள் அதற்குண்டு என்பதை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு கொலையுண்டதன் எதிரொலியாக உலகெங்கும் நிறவெறி பற்றிய பேச்சு எழுந்த நாள்களில்தான் அறிந்தார். அழைத்தவர்கள் தம்மோடு பேச வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். சில நாள்களில் ஒருவர் பேசினார். அன்பின் காரணமாகவே அவ்வாறு அழைத்ததாகச் சொன்னாராம். சமியும் அதனை நம்புவதாக அறிவித்தார். அன்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். அன்போடு சொன்னாலும் சொல்லின் பொருள் மாறிவிடுவதில்லை என்பதைச் சொற்களோடு வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள் விளங்கியும் நகைத்தவர்க்கு எடுத்துக்காட்டுத் தமிழகத்திலேயே உண்டு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இந்திய அணியோடு இலங்கையில் இருந்த அபினவ் முகுந்த், தம் நிறத்தைக் குறித்து இளமை முதல் தாம் கேட்ட ஏச்சுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டு ஆட்டத்தில் கருத்தூன்றியதாக அதில் சொல்லியிருந்தார். அணியினர் எவரையும் தாம் குறிப்பிடவில்லை என்று மறுபடி விளக்கமும் தர வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில், முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் எல். சிவராமகிருஷ்ணன், தம் வாழ்நாள் முழுதும் தாம் நிறவேறுபாட்டுக்கு ஆளானதாகவும், அது தம் சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும் எழுதினார். இருவருமே தம்மை எள்ளியோர் பெயரை அங்கே சொல்லவில்லை. எனவே எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையும் எழவில்லை.

பெயர் வெளிப்பட்டுத் தண்டனையும் தொடர்ந்த நிகழ்ச்சி ஒன்று தேயிலை மலைகளோடு தொடர்புடையது. 2003 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ஆட்டமிழந்து திரும்பிய ஆஸ்திரேலியர் டேரன் லேமன், உடைமாற்றும் அறையில் இலங்கையரின் நிறத்தைச் சேர்த்து ஒரு கெட்ட வசையைக் கத்தினார். அது எதிரணியினர் காதில் விழுந்தது. லேமன் இலங்கை அணியினரிடம் மன்னிப்புக் கோரினார், அவர்களும் ஏற்றுக்கொண்டனர். போட்டி நடுவர் கிளைவ் லாயிட் கண்டித்ததோடு விட்டார். ஆனால் சர்வதேசக் கிரிக்கெட் மன்றம் அத்துடன் விடவில்லை. ஐந்து ஒருநாள் போட்டிகளுக்கு அவரைத் தடை செய்தது. மன்னிப்பு ஏற்கப்பட்ட பின்னும் தண்டனை தேவையா என்று அன்று கேட்டோர் உண்டு. தேவைதான். வசை அவ்வறையிலிருந்த பதினொருவரை மட்டும் குறித்ததன்று. அவர்கள் ஏற்றுக்கொண்டது தம் பங்கினை மட்டுமே.

இலங்கை அணி என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவர் முத்தையா முரளிதரன். கண்டியில் 1972இல் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். அதே மலையகத் தமிழருள் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. அவ்வழி வந்தோரில் பல குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில், இன்று டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அங்கே அவர்களை ஏசிய சொல் ‘கள்ளத்தோணி’. இங்கே வந்தபின் ‘சிலோன்காரன்’. பின்னது வெறும் ஊர்ப்பெயர்தானே என்பர். ஊர்ப்பெயரை வசையாக்குவது குரல்தான். தோட்டத்து லயங்களில் ஒலிவாங்கி இல்லை. லேமனைக் கேட்டதுபோல் எவரையும் கேட்பாரில்லை.

ஒலிவாங்கிக்கு முன் சொல்லப்படும் மன்னிப்புக்கோ தனி இலக்கணம் ஒன்று உருவாகிவிட்டது. 2020 ஏப்ரலில் யுவராஜ் சிங், ரோகித் சர்மாவோடு சமூக ஊடகத்தில் நேரலையாக உரையாடுகையில், யுஸ்வேந்திர சகலைக் கேலி செய்யத் துப்புரவுப் பணியோடு பிணைக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரைப் பயன்படுத்தினார். இது இனக்கேலி அன்று, சாதிக்கேலி. இரண்டும் பிறப்பைச் சொல்லி இழிவு செய்வதே. எதிர்ப்பு வலுத்தபின் ஜூன் 5ஆம் நாள் அறிக்கை வந்தது. நிறம், சாதி, சமயம், பால் என்னும் வேறுபாடுகளில் தமக்கு என்றுமே நம்பிக்கை இல்லை என்றார். நண்பர்களோடு பேசியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றார். அறியாமல் எவருடைய உணர்வையேனும் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகச் சொன்னார்.

தமிழாசிரியர் எவரும் இவ்வறிக்கையைக் கரும்பலகையில் எழுதிப் பகுத்துக் காட்டலாம். ‘புண்படுத்தியிருந்தால்’ என்பது நிபந்தனை வினையெச்சம். புண்பட்டதே ஐயத்திற்குரியதாகிவிடுகிறது. ‘புரிந்துகொள்ளப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. பிழை கேட்டவன் காதுக்குப் போகிறது. சொல்லப்பட்ட சொல் எது என்பது அறிக்கையில் எங்கும் இல்லை. அச்சாதிப் பெயர் யாருடையதோ அம்மக்களும் இல்லை. ‘எவரேனும்’ என்னும் மறைப்பே உண்டு. வருந்துதல் தன்வினை, தன் மனநிலை பற்றியது. மன்னிப்புக் கேட்டலோ எதிரே ஒருவரை வேண்டி நிற்பது. கேலியில் சகல் இலக்காயிருந்தார். ஆனால் இழிவு செய்யப்பட்டவர் அவரல்லர். நண்பர் சிரித்துவிட்டால் போதும் என்று எண்ணும் கேலிக்காரர்கள் இவ்வேறுபாட்டைக் காண்பதேயில்லை. அரியானாவின் ஹான்சியில் 2021இல் இது வழக்காயிற்று. யுவராஜ் முறைப்படி கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். யார்க்ஷயர் அணியில் தாம் பட்ட இனவெறிக் கொடுமைகளை 2021 நவம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் அசீம் ரஃபீக் சாட்சியமாக அளித்தார். சேதேஸ்வர் புஜாராவின் பெயரை உச்சரிக்க வராமல் ‘ஸ்டீவ்’ என்று அழைத்த செய்தியும் அத்தொடர்பில் வெளிவந்தது. அவ்வழக்கத்தில் தமக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொண்ட ஜாக் புரூக்ஸ், புஜாராவையே தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்டதாக அறிவித்தார். செயலும் ஆளும் அங்கே பெயரோடு இருந்தன. அதே மாதத்தில் ரஃபீக்கே 2011இல் யூதரை இழிவு செய்து அனுப்பிய செய்திகள் வெளிப்பட்டன. அவை தம்முடையவையே என்று ஒப்பி, வெட்கப்படுவதாகச் சொல்லி, யூத மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாஜிக் கொடுமைக்குத் தப்பிய மூதாட்டி ஒருவரைச் சென்று சந்தித்தார். 2022இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருந்த இடத்துக்கும் போய்வந்தார். புண்பட்டவன் பிறரைப் புண்படுத்தமாட்டான் என்னும் எளிய நம்பிக்கையை இவர் வரலாறு கெடுத்துவிடுகிறது. ஆனால் ‘இருந்தால்’ என்னும் சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

எல்லாவற்றிலும் முடிவு காணாதது ஹர்பஜன் சிங் – ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் விவகாரம். 2007 அக்டோபரில் வதோதரா, மும்பை மைதானங்களில் இந்தியப் பார்வையாளர் சிலர் மேற்கிந்திய வழியினரான சைமண்ட்ஸை நோக்கிக் குரங்குச் சேட்டை செய்தனர். 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்டில், ஹர்பஜன் தம்மைக் குரங்கு என்றதாக அவர் குற்றஞ்சாட்டினார். மூன்று டெஸ்டுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் இனவசைக்குப் போதிய சான்று இல்லையென்று, வேறு வசை பேசிய குற்றத்திற்குப் பாதி ஊதியத்தை அபராதமாக்கினார். தாயைக் குறித்த இந்தி வசையே தவறாகக் காதில் விழுந்தது என்பது இந்தியத் தரப்பின் வாதம். ஒரு வசையை மறுக்க இன்னொரு வசையைச் சான்றாகக் காட்டியதைப் பெருமையாகவே பலர் பேசினர் என்பதையும் மறப்பதற்கில்லை.

2011இல் இருவரும் மும்பை இந்தியன்ஸ் அணியில் சேர்ந்து ஆட நேர்ந்தது. செல்வர் ஒருவர் வீட்டு விருந்தின்போது ஹர்பஜன் தம்மைத் தனியே அழைத்து, மன்னிப்புக் கேட்டு, கண்ணீர்விட்டு அழுததாகவும், கைகுலுக்கித் தழுவிக்கொண்டதாகவும் சைமண்ட்ஸ் 2018 டிசம்பரில் கூறினார். சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு வந்தபின் தமிழில் செய்திகள் எழுதித் தமிழ் இரசிகரிடம் ‘புலவர்’ பட்டம் பெற்றிருந்த ஹர்பஜன், உடனே மறுத்தார். அழுதேனா, எப்போது, எதற்காக என்று கேட்டு எழுதினார். மன்னிப்புக் கேட்டது பெருமை என்று ஒருவர் கருதிச் சொல்ல, கேட்டவரோ அதனை இழுக்கு எனக் கருதி மறுக்கும் காட்சி இது. பார்வையாளர் இல்லாத இடத்தில் வந்த கண்ணீர் மெய்யாயிருக்கவே வாய்ப்பு மிகுதி. அது வெளியே வந்தவுடன், பத்தாண்டுக்கு முன் தம் பக்கம் நின்ற நாடு முழுதும் தம்மைப் பார்ப்பதை ஹர்பஜன் உணர்ந்திருக்க வேண்டும். அழுததை ஒப்பினால் சிட்னியில் சொன்னதையும் ஒப்பியதாகிவிடும்.

2022ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் குயின்ஸ்லாந்தில் நிகழ்ந்த கார் விபத்தில் சைமண்ட்ஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. இரங்கல் தெரிவித்தோரில் ஹர்பஜனும் ஒருவர்.