முத்துக்குளித்துறையும் பனிமய மாதாவும்

தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தில் ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் கொடியேறி ஆகஸ்ட் 5ஆம் நாள் நிறைவுறும் திருவிழாவுக்குச் சாதி, சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்கள் மாதாவின் காட்சிகளையும் நோய் தீர்ந்த புதுமைகளையும் பற்றிய மரபுகளைச் சுற்றி வளர்ந்தவை. தூத்துக்குடித் திருத்தலமோ முத்துக்குளித்தலை வாழ்வாகக் கொண்ட பரதவர் சமுதாயம் தன் ஒற்றுமையையும் உரிமையையும் நிலைநிறுத்திக்கொண்ட இடமாக வளர்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் இந்த ஆலயம் செல்வாக்கிழக்காததற்கு அதுவே காரணம்.

முத்துச்சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டுகளுக்குப் 'பார்' என்றும், அவற்றில் பருவம் பார்த்து நடத்தப்படும் குளிப்புக்குச் 'சலாபம்' என்றும் பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்களின் உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையே மூண்ட பூசல் கடுமையானபோது, பரதவர் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியது. அதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். அரசியல் தேவையிலிருந்து பிறந்த இந்த மதமாற்றத்துக்குச் சமய உள்ளடக்கம் தந்தவர்கள் பின்னால் வந்த இயேசு சபையினர். 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் வேண்டுதல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து ஊர் ஊராகக் கற்பித்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் இங்கே உழைத்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

கடலடித் தொழிலின் இடர், வேண்டுதலை அன்றாடத் தேவையாக்கியது. குளியாள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு தாங்கும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் உடனே அவரை மேலே இழுத்தாக வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடற்கட்டி' என்னும் மந்திரக்காரரை அமர்த்தும் பழைய வழக்கம் மதமாற்றத்துக்குப் பின்னரும் சலாபத்தில் நீடித்தது. அதன் அருகிலேயே மாதாவுக்கு நேர்ச்சை செய்யும் வழக்கமும் வேரூன்றியது.

இந்த வழிபாட்டின் மையமான மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்ததாகவும், அதைத் தருவிக்க ஏற்பாடு செய்தவர் சவேரியாரே என்றும் மரபு கூறுகிறது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்களாதலால் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி ஆலயங்களைப் பறித்தனர்; போதகர் பால்டேயஸ் முயன்றும் பரதவர் தம் சமயத்தைக் கைவிட மறுத்துவிட்டனர். சுரூபம் அக்காலத்தில் ஊருக்கு வெளியே மறைத்துக் காக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சலாபத்துக்குப் பரதவரின் உழைப்பு இன்றியமையாததாக இருந்ததால் டச்சுக்காரரின் கெடுபிடி நாளடைவில் தளர்ந்தது; அந்த இடைவெளியில்தான் இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி எழுப்பிய புதிய ஆலயம் 1713 ஆகஸ்ட் 5ஆம் நாள் திறக்கப்பட்டது.

ரோமாபுரியின் எஸ்குலின் குன்றில் கோடைக்காலத்தில் பனி பொழிந்து மாதாவுக்குக் கோயில் எழுப்ப இடம் காட்டியது என்னும் பழங்கதையை நினைவுகூரும் நாளே ஆகஸ்ட் 5 ஆகும். பனியையே காணாத இக்கரையில் பனிமய மாதா என்னும் பெயர் போர்த்துக்கீசிய வடிவத்தோடு 'தஸ்நேவிஸ் மாதா' என்று வழங்கியது. அத்துடன் வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான துறைகளைச் சேர்த்து 'ஏழு கடல்துறைகளின் அடைக்கலத் தாய்' என்ற பட்டமும் அவருக்கு அமைந்தது.

துறைதோறும் பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த்தலைவர்களும், அவர்களுக்கு மேல் 'பாண்டியபதி' எனவும் அழைக்கப்பட்ட ஜாதித்தலைவரும் இருந்தனர். சலாபத்தில் தனி உரிமைகள் பெற்றிருந்த இத்தலைமை, தன் மதிப்பைக் காட்டும் களமாக ஆலயத்தையே கொண்டது. ஜாதித்தலைவரின் முயற்சியால் 1806இல் தங்கத்தேர் முதன்முறையாக ஓடியது. வடம் பிடித்து வீதியுலா வரும் முறையில் இந்துக் கோயில் தேரோட்டத்தை ஒத்த இவ்விழாவில், யாருக்கு எந்த மரியாதை, எந்த வரிசை என்பவை கூர்ந்து கவனிக்கப்பட்டன. எனவே செல்வர்களான மேசைக்காரருக்கும் உழைப்பாளிகளான கம்மாரக்காரருக்கும் இடையே எழுந்த பிணக்குகளும், போர்த்துக்கீசிய அரசின் ஞான அதிகாரத்தைச் சார்ந்த குருக்களுக்கும் ரோமாபுரி நேரடியாக அனுப்பிய குருக்களுக்கும் இடையே 19ஆம் நூற்றாண்டில் மூண்ட வழக்குகளும் ஆலயத்தைச் சுற்றியே நிகழ்ந்தன. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, பரதவர் சமுதாயத்தைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானபோது இத்தகைய பூசல்களின் தன்மையே மாறத் தொடங்கியது.

1961ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பின் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. முத்தின் வருவாயும் அதைச் சார்ந்த ஜாதித்தலைவரின் செல்வாக்கும் மறைந்த பின்னர் விழாவும் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் 1982இல் ஆலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டதும், 2013இல் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டியும் மீண்டும் 2023இலும் தங்கத்தேர் ஓடியதும் அதற்கு மாறான போக்கையே காட்டுகின்றன. ஒரு காலத்தில் தேர் வீதியில் தலைவரின் உரிமை உறுதிப்பட்டது. இன்று அங்கே வடம் பிடிப்போரும் நேர்ச்சை செலுத்துவோரும் அந்தத் தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சலாபமும் ஜாதித்தலைமையும் உருவாக்கிய விழா அவ்விரண்டுக்கும் பிறகும் வாழ்வதற்கு, மீன்பிடித் தொழிலாளர், துறைமுகப் பணியாளர், வெளியூர்ப் பயணிகள் எனப் பலரும் அந்த அடைக்கலத்தைத் தமதாக்கிக்கொண்டதே காரணம்.