ஏபர்ட் நோய்க்குறி: சிசுவின் மண்டையோட்டையும் விரல்களையும் பாதிக்கும் அரிய மரபணுக் கோளாறு

பிறக்கும்போதே மண்டையோட்டின் வடிவம் மாறியும், கை, கால் விரல்கள் ஒட்டியும் காணப்படும் அரிய மரபணுக் கோளாறு ஏபர்ட் நோய்க்குறி எனப்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர் யூஜீன் ஏபர்ட் 1906-ஆம் ஆண்டில் இதை விவரித்தார். சுமார் 65,000 முதல் 88,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது.

10-ஆவது குரோமோசோமில் உள்ள 'எஃப்ஜிஎஃப்ஆர்2' மரபணுவில் நேரும் மாற்றமே இதற்குக் காரணம். மூளை வளர இடமளிக்க வேண்டிய மண்டையோட்டு இணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கின்றன. இதனால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் அதிகரிக்கலாம். சுவாசம், பார்வை, செவித்திறன் ஆகியவையும் பாதிக்கப்படலாம்.

பெரும்பாலும் பெற்றோருக்கு இக்கோளாறு இருப்பதில்லை. தந்தையின் விந்தணுவில் புதிதாகத் தோன்றும் மாற்றமே குழந்தையைச் சென்றடைகிறது. தந்தையின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் உயர்கிறது. எனவே, கர்ப்ப காலத்தில் தாய் உண்ட உணவையோ, கிரகணத்தின்போது வெளியே வந்ததையோ காரணம் காட்டி அவரைப் பழிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. பாதிக்கப்பட்டவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இக்கோளாறு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

இதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. மூளை வளர இடமளிக்கும் மண்டையோட்டு அறுவை சிகிச்சை பொதுவாக முதல் ஆண்டிலேயே மேற்கொள்ளப்படுகிறது. விரல்களைப் பிரிக்கும் அறுவை சிகிச்சைகள் படிப்படியாகச் செய்யப்படுகின்றன. ஆகவே, பிறந்தவுடன் கண்டறிவது அவசியமாகும்.