துறைமுகத்தில் காத்திருந்த பெண்

1924இல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போன தாவரவியலாளர் ஜானகி அம்மாளை எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். நீண்ட கூந்தலையும் உடுத்தியிருந்த பட்டையும் பார்த்து, இந்திய இளவரசியோ என்று கேட்டார்களாம். மறுக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள்.

இதை ஆரணியில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். இங்கே பட்டு என்றால் பாவு, ஊடை, கூலி. காலையில் வீட்டில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவளை யாரும் இளவரசி என்று நினைப்பதில்லை. ஆனால் ஒன்று அவர்களுக்குச் சட்டென்று புரியும். வெளியூர் போய்ப் படிக்கிற பெண்ணை, அவள் வாய் திறக்கும் முன்பே அந்த ஊர் ஏதோ ஒன்றாக முடிவுசெய்துவிடும்.

வெளிநாட்டு மாணவர்கள் வந்ததும் பல்கலைக்கழகங்கள் இப்போது 'ஓரியன்டேஷன்' நடத்துகின்றன. இந்த வரவேற்பின் வரலாற்றைத் தேடிப் போனால், எந்த அலுவலகத்துக்கும் முன்னால் ஒரு குடும்பப் பெண் நிற்கிறார். நியூஜெர்சி மாநிலத்தின் ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடீசியா கார்ப்பென்டர். 1880இல் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அவர் கையில் ஒரு மிஷனரி இதழ் கிடைத்தது. மனைவியைப் படிக்கவைக்க உதவி கேட்டு கோபால்ராவ் ஜோஷி எழுதிய கடிதம் அதில் அச்சாகியிருந்தது. மதம் மாறினால் பார்க்கலாம் என்ற தொனியில் ஆசிரியரின் பதிலும் கூடவே இருந்தது. கார்ப்பென்டர் அந்தப் பதிலை விட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்கு எழுதத் தொடங்கினார்.

ஆனந்திபாய்க்கு ஒன்பது வயதில் திருமணம். பதினான்கு வயதில் பிறந்த குழந்தை பத்து நாளில் இறந்துவிட்டது. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற உறுதி அங்கிருந்து வந்தது. மூன்று ஆண்டுகள் கடல் தாண்டிப் போய்வந்த கடிதங்களில் உணவு, உடை, சடங்கு, உடல்நலம் எல்லாம் பேசப்பட்டன. இந்துவாகவே போவேன், இந்துவாகவே திரும்புவேன் என்று செராம்பூரில் அறிவித்துவிட்டு, 1883 ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். ஜூனில் நியூயார்க்கில் இறங்கியபோது கார்ப்பென்டர் நேரில் வந்து காத்திருந்தார். ஆனந்திபாய் அவரைச் சித்தி முறை வைத்தே அழைத்தார். பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் அந்த நாடு அவருக்கு ஓரளவு பழகியிருந்தது.

கல்லூரியும் கெட்டதில்லை. டீன் ரேச்சல் பாட்லி அக்கறை உள்ளவர். உதவித்தொகை கிடைத்தது. ஆனால் தங்கக் கிடைத்த அறையின் கணப்பு பழுதானது. மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். வகுப்பு முடிந்து வந்து தன் சைவச் சாப்பாட்டைத் தானே சமைக்க வேண்டும். மராத்தி முறையில் கட்டும் ஒன்பது கஜப் புடவை காலை மூடாது என்பதால் குஜராத்திக் கட்டுக்கு மாறினார். புடவையை விடவில்லை, கட்டைத்தான் மாற்றினார். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை அவரே முடிவுசெய்தார் என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1886 மார்ச்சில் பட்டம். 1887 பிப்ரவரியில் காசநோயால் மரணம், இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அந்த அறைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மேடையில் வரவேற்ற ஊரில் கணப்பைச் சரிபார்க்க ஆளில்லை. அஸ்தி கார்ப்பென்டருக்கு அனுப்பப்பட்டு, அவர்கள் குடும்ப இடுகாட்டில் அடக்கமாயிற்று.

லண்டனில் வரவேற்பு வேறு விதமாக வளர்ந்தது. 1870இல் பிரிஸ்டலில் மேரி கார்ப்பென்டர் (இவர் வேறொரு கார்ப்பென்டர்) தொடங்கிய தேசிய இந்தியச் சங்கம் அங்கே இந்திய மாணவர்களுக்கு மாலை விருந்துகள் நடத்தியது. 1909 ஜூலை 1 அன்று அப்படியொரு விருந்தில்தான் மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்றார். இந்திய மாணவர்களை நலம் விசாரித்த அந்த அதிகாரியே அவர்களைக் கண்காணிப்பவராகவும் அறியப்பட்டிருந்தார். மறு ஆண்டு குரோம்வெல் சாலை 21ஆம் எண் வீடு, புதிதாக வரும் மாணவர்கள் தங்கவும் தகவல் பெறவும் திறக்கப்பட்டது. வசதியான வீடு. ஆனாலும் அது உளவுக்கான இடம் என்றே பல மாணவர்கள் சந்தேகித்தார்கள்.

ஜானகி அம்மாளை மிச்சிகனுக்கு அழைத்த பார்பர் உதவித்தொகை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆசியப் பயணத்தில், மிச்சிகனில் படித்துத் திரும்பிய பெண் மருத்துவர்களைச் சந்தித்த லீவை பார்பர் 1917இல் அதை ஏற்படுத்தினார். ஆசியப் பெண்களுக்கு மட்டுமேயான நிதி. ஒருத்தி தனியாக வரவில்லை. ஆண்டுதோறும் பலர் வந்தார்கள். முன்னால் வந்தவள் பின்னால் வருகிறவளுக்கு வழி சொல்ல முடிந்தது. ஜானகி அம்மாள் திரும்பவும் அங்கே போய் 1931இல் முனைவர் ஆனார்.

இப்போது வரவேற்கிற இடத்தில் நாமும் இருக்கிறோம். ஆரணிக்குப் பக்கத்து வேலூருக்கே பல நாட்டு மாணவிகள் படிக்க வருகிறார்கள். நம் ஊர்களில் ஓரியன்டேஷன் என்பது பெரும்பாலும் ஓர் அரங்கம், குத்துவிளக்கு, மூன்று உரைகள். மாணவிகளுக்குக் கூடுதலாக ஒன்று: விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும், எந்த உடை கூடாது. பாதுகாப்பு என்ற பெயரில் குரோம்வெல் சாலை வீட்டை நாமே கட்டிக்கொள்கிறோம். சோற்றுக்கும் சாம்பாருக்கும் பழகாத வயிறு, முதல் மழைக்காலம், மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது, இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது, வாடகை வீட்டுக்காரர் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் யாரிடம் போவது: இவை உரைகளில் வருவதில்லை. வந்தாலும் முதல் நாள் களைப்பில் காதில் ஏறாது. பாதியைப் புறப்படும் முன் கடிதத்தில் சொல்ல வேண்டும். மீதியை ஆறாவது வாரத்தில், அவளுக்கே கேள்விகள் எழுந்த பிறகு, கேட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்தை எழுதவும், நள்ளிரவு விமானத்துக்குப் போய்க் காத்திருக்கவும் அதே நாட்டு சீனியர் மாணவிதான் சரியான ஆள். அவளுக்கு அதற்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும். கார்ப்பென்டர் செய்த வேலைக்கு எந்தக் கல்லூரியின் கணக்கிலும் செலவு எழுதப்படவில்லை.