காயல் வீடுகள்: கடலும் காரையும் மகளின் பங்கும்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்த ஊர் என்பதால் எழுத்தை நேசிப்போர் அதன் பெயரை அறிவர். சுற்றிலும் கரிசல். கோடையில் பிளந்து வெடிக்கும், மழையில் உப்பிப் புடைக்கும் அம்மண்ணின் மீது சுவர் எழுப்புவது எளிய காரியமன்று. எனவேதான் அப்பகுதியில் 'காரை வீடு' என்ற சொல்லுக்கே ஒரு மதிப்பிருந்தது. ஓடைகளில் கிடைக்கும் சுண்ணாம்புக் கற்களைக் காளவாசலில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்த காரையால் கட்டிய வீடு அது. மண்சுவரும் கூரையுமாக வாழ்ந்தவர்கள் நடுவில், காரை வீடு என்றால் நிலைத்துவிட்ட குடும்பம் என்று பொருள்.

இதே தூத்துக்குடி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், மன்னார் வளைகுடாக் கரையில், காயல்பட்டினத்திலும் காரை வீடுகள் உண்டு. அங்கே சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. கரிசலுக்கும் கடற்கரைக்கும் பழைய உறவும் உண்டு. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் கரிசல் அரசவையில் புலவராயிருந்தவர்; அவருடைய சீறாப்புராணத்திற்குத் துணை நின்ற வள்ளல் சீதக்காதியோ கீழக்கரையின் கடல் வணிகர். ஆதலால் காயல் வீடுகளின் வரலாற்றை நாம் கரிசலிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதாகாது.

அந்த வீடுகளைக் கடலின் வருமானமே கட்டியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்னும் துறைமுகத்தையும், அரபு நாடுகளிலிருந்து அங்கு வந்திறங்கிய குதிரைகளையும், இக்கடலின் முத்துக்குளிப்பையும் எழுதி வைத்தார். அவர் குறிப்பிட்டது தாமிரபரணி முகத்துவாரத்தருகே உள்ள பழையகாயலையே என்று கால்டுவெல் கருதினார். ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டதால் அத்துறை தூர்ந்தது. காயல்பட்டினம் நிலைத்தது.

முத்துக்குளிப்பு எப்போதும் நிச்சயமற்ற தொழில். ஒரு பருவத்தில் பார்களில் சிப்பி குவிந்து கிடக்கும். அடுத்துப் பல ஆண்டுகள் ஒன்றும் இராது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. மீதி ஒரு பங்கே குளியாட்களுக்கு. பரதவரும் காயல், கீழக்கரை முஸ்லிம்களும் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கினார்கள். அரசியலும் அவர்களை விட்டுவைக்கவில்லை. 1530களில் பரதவர் போர்த்துகீசியருடன் கூட்டுச் சேர்ந்தபின், 1538இல் வேதாளையில் நடந்த மோதலில் மரைக்காயர் படை தோற்றது. இக்கடலில் முஸ்லிம்களின் மேலாண்மை சரிந்தது. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961உடன் முடிந்தது. அதன்பின் குளிப்பு நிகழவில்லை. தந்தையின் வருமானம் அலைபோல் ஏறி இறங்கிய ஊரில், இறங்காத ஒரே சொத்தாக வீடு இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவ்வீடுகளைப் பார்க்க வேண்டும்.

இக்கரையில் சுண்ணாம்புக்கு இரண்டு மூலங்கள். கிளிஞ்சல் ஒன்று, முருகைக்கல் என்று சொல்லப்படும் பவளப்பாறை மற்றொன்று. முருகைக்கல்லை வெட்டிச் சுவருக்கும் வைத்தார்கள், சூளையிலும் இட்டார்கள். நன்றாக அரைத்த காரையில் கருப்பட்டி நீரும் கடுக்காய் ஊறலும் சேர்த்துப் பூசிய சுவர், உப்புக் காற்றிலும் பல தலைமுறை நின்றது. உத்திரத்திற்கு வசதியுள்ளோர் தேக்கிட்டனர். மற்றவர்க்குத் தேரிக்காட்டுப் பனை கைகொடுத்தது. இதற்குக் கடல் கொடுத்த விலையையும் மறைப்பதற்கில்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறை வெட்டியதால் அரணிழந்து நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் அத்தீவுப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. ஆகவே பழைய முறையில் புதிய வீடு கட்ட இனி முருகைக்கல் கிடையாது, கிடைக்கவும் கூடாது. நிற்பவற்றைக் காப்பது ஒன்றே வழி.

வீட்டின் அமைப்புக்கு வருவோம். அகலம் குறைந்து, தெருவிலிருந்து உள்நோக்கி நீண்டு செல்லும் மனை. முன்புறம் திண்ணை, அடுத்து ஆண்களும் விருந்தினரும் அமரும் கூடம். அதற்குள்ளே வெளிச்சமும் காற்றும் இறங்கும் முற்றம், அறைகள், அடுக்களை. கடைசியில் ஒரு வாசல். அது திறப்பது தெருவிலன்று, 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்தில். பெண்கள் நடமாடும் வழி அது. முடுக்கு வழியாகவே உம்மாவின் வீட்டிலிருந்து சாச்சியின் வீட்டுக்கும், அங்கிருந்து பெண்கள் கூடித் தொழுது ஓதும் தைக்காவுக்கும் போய்வர முடியும். அனுமதி கேட்டு, ஸலாம் கூறியே பிறர் வீட்டுள் நுழைய வேண்டும் என்று சூரா நூர் கற்பிக்கும் ஒழுக்கத்தை இவ்வூர்க் கொத்தனார்கள் சுவராகவும் வாசலாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வெளியூரார் சிலர் முடுக்கைப் பெண்களை ஒளித்துவைத்த சந்து என்று மட்டும் எழுதுவர். நமக்கு அது அரைகுறைப் பார்வையாகவே தோன்றுகிறது. யாரையும் துணைக்கு அழைக்காமல் ஊரின் பாதியைச் சுற்றிவர ஒரு பெண்ணுக்கு வழி செய்த அமைப்பும் அதுவே.

இன்னும் முக்கியமானது, அந்த வீடு யாருடையது என்பது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்குப் போகும். நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். கடலுக்கு அப்பால் இலங்கையின் காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் இருக்கிறது. கணவர் கொழும்புக்கோ மலாக்காவுக்கோ தோணியேறிப் பல மாதம் திரும்பாதிருக்கலாம். ஒருவேளை திரும்பாமலே போகலாம். அப்போதும் அவள் இருப்பது தன் உம்மாவோடு, தன் கூரையின் கீழ். கைம்பெண்ணானாலும் தலாக் நேர்ந்தாலும் வாசலை விட்டு வெளியேற வேண்டியவள் அவள் அல்லள். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டென்று மார்க்கம் விதித்திருக்க, நிலமாகவும் தோப்பாகவும் பல ஊர்களில் அப்பங்கு ஏட்டளவில் நின்றுபோனதை நாம் அறிவோம். இங்கே அது கதவும் சாவியுமாக அவள் கையில் இருந்தது.

ஆனால் இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விரும்பிக் கொடுத்தது நாளடைவில் கேட்டு வாங்குவதாயிற்று. வீடு இல்லையேல் வரன் இல்லை என்ற நிலை வந்தபோது, வலையும் வள்ளமும் மட்டுமே உள்ள குடும்பத்தின் கதி என்ன? மூன்று பெண்மக்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடுகளுக்காக வாழ்நாள் முழுதும் வளைகுடா நாட்டில் உழைக்கும் கதை நம் வீடுகளில் புதிதன்று. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் மணமகன். பெண் வீட்டார் மீது வீட்டைக் கடமையாக்க எவருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளுக்குக் கொடை அளிக்கும்போது அவர்களிடையே நீதி பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் இங்கே நினைக்கத்தக்கது. வழக்கத்தின் பாதுகாப்பை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனையைக் கைவிட முடியாதா என்பதே நம் கேள்வி.

தேங்காய்ப்பட்டணத்தின் பழைய குடும்பமொன்று சிதைவதைத் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'யில் எழுதினார். 1997இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் ஊர்களில் அச்சிதைவு வேறு விதமாக நடக்கிறது. பேத்திகளுக்குப் பங்கு பிரிக்க முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. அத்துடன் வெளிச்சம் போகிறது. பூட்டிய வீட்டில் மழைநீர் இறங்கி உத்திரம் இற்றுப்போகிறது. பழுதுபார்க்க வருபவர் காரைச் சுவர்மீது சிமெண்ட் பூசுகிறார். காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர, சுவரே கெட்டுவிட்டது என்று கூறி இடிக்கிறார்கள். அவ்விடத்தில் எழும் கான்கிரீட் வீட்டின் கம்பிகளையோ கடற்காற்று விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது.

பழைய வீடு கையிலிருக்கும் குடும்பங்கள், இடிப்பதற்கு நாள் குறிக்குமுன் காரை வேலை அறிந்த ஒரு கொத்தனாரை அழைத்து ஒருமுறை சுவரைக் காட்டுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. இடிப்பதே முடிவானால், வீட்டின் அளவையும் அமைப்பையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். எந்த அறை யாருடைய பங்காயிருந்தது, முடுக்கு வாசல் யாருடைய வீட்டை நோக்கித் திறந்தது என்று உம்மம்மாவிடம் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் மனையின் நான்கெல்லை மட்டுமே இருக்கும். இந்த விவரங்கள் இரா.