தானே புயலும் நெய்வேலி வட்டாரமும்

தானே புயல், 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அவ்வாண்டு வங்கக் கடலில் தோன்றியவற்றுள் வலிமை மிக்க புயல் இதுவே. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகள் பெருஞ்சேதம் அடைந்தன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியமும் அதைச் சூழ்ந்த பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டங்களின் முந்திரிக்காடுகளும் பலாத் தோப்புகளும் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்தும் தப்பவில்லை. இந்த வட்டாரத்தில் நிகழ்ச்சிகளைத் ‘தானேவுக்கு முன்’, ‘தானேவுக்குப் பின்’ என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

கடலூர்க் கரையின் பழைய புயல்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியவை. 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு அருகே நின்றிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்களைப் புயல் தாக்கியது. படைத்தலைவர் போஸ்கவனின் கொடிக்கப்பலான ‘நாமூர்’ உடைந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். போஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார். ‘பெம்புரோக்’ என்ற கப்பலும் அதே புயலில் அழிந்தது. ஆங்கிலேயர் அந்நாளில் பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் நூலுக்கு நூல் தேதி பதினொரு நாள் வேறுபடும்.

1761ஆம் ஆண்டின் முதல் நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கடற்படை மீது மற்றொரு புயல் மோதிப் பல கப்பல்களைக் கவிழ்த்தது. ஆனாலும் முற்றுகை தளரவில்லை. இரண்டு வாரங்களில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தனர். புதுச்சேரியின் அன்றாடத்தை ஏறத்தாழ கால் நூற்றாண்டு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். தானே கரையேறியதும் ஏறக்குறைய அதே பருவம், அதே கரை. 1749, 1761 புயல்களைப் பதிவு செய்தவர்கள் கடற்படையினரும் வணிகக் குழுமத்தாரும் ஆனதால் கப்பலின் பெயர், பீரங்கி எண்ணிக்கை, மாலுமிகளின் தொகை எல்லாம் கிடைக்கின்றன. உள்நாட்டு ஊர்களில் சாய்ந்த கூரைகளும் மரங்களும் அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 1864ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலும் பின்வந்த பஞ்சங்களும் 1875இல் இந்திய வானிலைத் துறை உருவாகக் காரணமாயின.

நெய்வேலியின் வரலாறு கிணற்றில் தொடங்குகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவு பெற்றது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின்நிலையம் மின்சாரம் தந்தது. வட்டங்களாகப் பிரித்து, அகன்ற சாலைகள் போட்டு, இருபுறமும் மரம் நட்டு அமைக்கப்பட்ட நகரியம் இது. அரை நூற்றாண்டில் அம்மரங்கள் சாலைகளின் மேல் ஒன்றோடொன்று கிளை கோத்து நின்றன.

காற்றையும் மழையையும் நெய்வேலி கூர்ந்து கவனித்தே ஆக வேண்டும். திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் பெய்யும் மழையெல்லாம் குழிக்குள் இறங்கும். நிலக்கரிப் படுகைக்கு அடியிலோ மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை ஆழ்குழாய்களால் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் நிற்கும். இறைக்க மின்சாரம் வேண்டும். பெருமழையும் மின்தடையும் ஒரே நாளில் வருவது சுரங்கத்தாருக்குப் பெருங்கவலை தரும் செய்தி.

தானேவுக்கு முன்பும் இக்கரைக்குப் புயல்கள் வந்ததுண்டு. 2000ஆம் ஆண்டு நவம்பர் 29இல் கடலூர் அருகே ஒரு புயல் கரையேறியது. 2008இல் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கடந்து பெருமழை தந்தது.

தானே 2011 டிசம்பர் 25இல் தென்கிழக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகப் பிறந்தது. 26ஆம் நாள் நள்ளிரவில் புயலாகி, 28ஆம் நாள் மேலும் வலுத்து, மேற்கு நோக்கி நகர்ந்தது. பெயர் மியான்மர் அளித்த பட்டியலிலிருந்து வந்தது. 30ஆம் நாள் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே அதன் மையம் நிலத்தைத் தொட்டது. அன்று மாலைக்குள் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்துவிட்டது.

காற்றின் வேகம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கரை கடக்கையில் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. என்று இந்திய வானிலைத் துறை மதிப்பிட்டது. அமெரிக்கக் கடற்படையின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் உச்ச வேகத்தை 165 கி.மீ. வரை சொல்கிறது. இந்தியத் துறை மூன்று நிமிடச் சராசரியையும் அமெரிக்க மையம் ஒரு நிமிடச் சராசரியையும் கொள்வதால் இடைவெளியின் ஒரு பகுதிக்கு விளக்கம் கிடைக்கிறது, முழுவதற்கும் அல்ல. உயிரிழப்பும் 46 என்றும் 48 என்றும் இருவிதமாக எழுதப்படுகிறது.

வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் புதுச்சேரிப் பக்கம் கடந்ததால் அதற்குத் தெற்கே இருந்த கடலூர், நெய்வேலிப் பகுதிகளில் முதலில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும், பிறகு மேற்கிலிருந்தும், மையம் உள்ளே போனபின் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்க வேண்டும். கரையோரத்துக்கு இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கடல் அங்கே பெரிய அளவில் ஊருக்குள் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். சில மணி நேரத்தில் இப்படித் திசை மாறும் காற்று மரத்துக்கு மிகக் கொடியது. ஒரு பக்கம் அசைந்து தளர்ந்த வேரை மறுபக்கம் தள்ளி விடும்.

பண்ருட்டிச் செம்மண் மேட்டின் முந்திரி இதற்கு ஏற்கெனவே வாகாக நின்றிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம் அது. பரந்து படரும் தலை, உறுதி குறைந்த கட்டை. பூப்பு டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்குவார்கள். தானே வந்தது துளிர்விட்டுப் பூவெடுக்கும் வேளையில். கடலூர் மாவட்டத்தில் இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட முந்திரி பாழானது. மாவட்டத்தின் முந்திரிப் பரப்பில் பெரும்பகுதி அது. பாட்டன் வைத்த மரத்தில் பேரன் காய் பொறுக்கிய கொல்லைகள் அவை. கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையில் இருந்த ஆயிரக்கணக்கான பெண்களின் கூலியும் அந்த மரங்களையே நம்பியிருந்தது. பண்ருட்டி ஆலைகள் ஆப்பிரிக்க நாடுகளின் கொட்டையை முன்பே இறக்குமதி செய்துவந்ததால் உடைக்கும் தொழில் அடியோடு நிற்கவில்லை. காடு வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை.

பலாவின் கதை தனி. பண்ருட்டிப் பலாமரம் பழத்துக்கு மட்டும் பெயர் பெற்றதன்று. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் செய்ய அதன் முற்றிய கட்டையைத் தேடி வருவார்கள். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் பலா வகைகள் இவ்வட்டாரத்து நாட்டுமரங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. தானேவில் வீழ்ந்த பலாக்களும் முந்திரிகளும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்ததால் விலை அடியோடு சரிந்தது. பெரிய அடிமரங்களும் விறகு விலைக்குப் போயின. மாளிகம்பட்டில் ‘ஆயிரங்காய்ச்சி’ என்று பெயர் வாங்கிய, இருநூறு ஆண்டு வயது சொல்லப்படும் பலாமரம் பிழைத்து நிற்கிறது. அதன் சரியான வயதை யாரும் உறுதிசெய்யவில்லை.

நகரியத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாலைகளின் மேலும் வீடுகளின் மேலும் சாய்ந்தன. மாநிலத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் மின்சாரம் அனுப்பும் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் வந்து கம்பம் நட்டார்கள். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற ஊராட்சிகள் வாடகை ஜெனரேட்டரைத் தேடின. அடுத்து வந்த பொங்கலைப் பல ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் கழித்தன.

நிவாரணத்துடன் பல பணிகள் தொடங்கின. குடிசை இழந்தோருக்குத் தமிழ்நாடு அரசு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் சிறப்புத் திட்டத்தை 2012இல் அறிவித்தது. ஆனந்த விகடன் வாசகர்களிடம் நிதி திரட்டி ஊர்களில் பணிசெய்தது. பத்திரக்கோட்டையில் பிறந்த எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான தங்கர் பச்சான் தம் மக்களின் இழப்பை ஆவணப்படமாக்கினார். விழுந்த மரத்தை அகற்றவும் வேர்க்கட்டையைப் பொக்லைனால் பெயர்க்கவும் புதுக்கன்று வைக்கவும் அரசு உதவி தந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. வரிசை ஒட்டுக்கன்றுகள் பெருவாரியாக நடப்பட்டன. ஒட்டுக்கன்று மூன்றாம், நான்காம் ஆண்டில் காய்க்கும். விதைக்கன்றுக்கு இன்னும் கூடுதல் காலம். விதையிலிருந்து வளர்த்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். வீணைக்குரிய வைரம் பாய இரண்டு தலைமுறை. அதுவரை இடைவெளியில் மணிலாவும் உளுந்தும் விதைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. சவுக்குக்கு மாறியவர்களும் உண்டு.

தானேவை இங்கே பின்தொடர்ந்த விதம் வேறு. புயலைப் பின்தொடர்வது என்பது அமெரிக்காவில் வண்டியேறிப் போவது. வடக்கு டகோட்டாவின் டேவிட் ஹோட்லி 1956 முதல் சுழற்காற்றைத் தேடிப் பயணம் செய்தார். 1973 மே 24இல் ஓக்லகோமாவின் யூனியன் சிட்டியில் ஆய்வாளர்கள் ஒரு சுழற்காற்றை அருகிருந்து பதிவு செய்தது ராடார் ஆய்வுக்குத் திருப்பமாயிற்று. 2013 மே 31இல் எல் ரினோவில் டிம் சமாராஸ் என்ற அனுபவம் மிக்க ஆய்வாளர் அப்படிப் போய் உயிரிழந்தார். தானே வந்த அதே 2011இல், மே 22 அன்று, மிசௌரியின் ஜோப்லின் நகரைச் சுழற்காற்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் கிழித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது வந்து போகும் நேரம் நிமிடங்கள். வங்கக் கடல் புயலோ ஐந்தாறு நாள் கண்முன் நகர்ந்துவரும். அதனால் இங்கே பின்தொடர்தல் இருந்த இடத்திலிருந்தே நடந்தது. துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகள் இன்றும் மீனவர்களுக்கு முதன்மையான அறிவிப்பு. ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களில் பத்தாம் எண், புயல் அத்துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள்படும். பதினொன்று, தகவல் தொடர்பே அறுந்ததைக் குறிக்கும். சென்னையில் 2002இல் டாப்ளர் ராடார் செயல்பட வந்தது. கல்பனா செயற்கைக்கோள் படங்களும் தானேவைப் பார்க்க உதவின. விமானத்தில் புயலுக்குள் சென்று அளக்கும் வழக்கம் இந்தியாவில் நிலைபெறவில்லை. அக்காலத்தில் சென்னை வானிலை மையத்தின் எஸ். ஆர். ரமணன் தொலைக்காட்சியில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கடலோரம் காத்திருந்து கேட்டது. பின்னர் பிரதீப் ஜான் போன்ற வானிலை ஆர்வலர்கள் எண்களைத் திரட்டி மக்கள் மொழியில் எழுத, மழை பார்ப்போரின் கூட்டம் பெருகியது.

2015 நவம்பர் 9, 10 நாள்களில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மிகுதியாக மழை கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் இரவில் புகுந்த வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோனது. சுரங்கநீரை வெளியேற்றியதால்தான் பரவனாற்றோர ஊர்கள் மூழ்கின என்று விவசாயிகள் குற்றம்சாட்டினர், நிறுவனம் மறுத்தது. இது பற்றிப் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு எதுவுமில்லை. தானேவில் காற்று எடுத்ததை இந்த மழை வேறு வகையில் எடுத்தது.

2016இல் நிறுவனத்தின் பெயர் என்எல்சி இந்தியா என்று மாறியது; பழைய முதல் அனல் மின்நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நிவர் புயல் மரக்காணம் அருகே கடந்தது. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்ப் பணி வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின் மீது நடந்தபோது போராட்டம் வெடித்தது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தென்பெண்ணை கடலூர்ப் பகுதியில் கரை புரண்டது.