சிங்கப்பூர்த் தேசிய நூலகமும் சரித்திரச் சொற்பொழிவுகளும்

ஒரு நாட்டின் தேசிய நூலகத்தில் சரித்திரத்தையும் கலாசாரத்தையும் பற்றிப் பொதுமக்கள் முன்னிலையில் நிகழும் சொற்பொழிவுகளை ஆராயப் புகுவோர், அவை யாருக்காக, எந்த மொழியில் நிகழ்ந்தன என்பதையும், பேசி முடித்த பின் அவை என்னவாயின என்பதையும் தேடிக் காண வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சிங்கப்பூரின் அநுபவம் இவ்வகையில் ஆராயத் தக்கது.

1845இல் பங்குதாரர்களின் உடைமையாகத் தொடங்கி, 1874இல் அரசாங்கத்தின் வசமாகி, ராபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் என்ற பெயரில் நிலைபெற்ற, தேசிய நூலகத்தின் முன்னோடியான ஸ்தாபனத்தைச் சூழ்ந்திருந்த அறிஞர் வட்டம் மிகக் குறுகியது. 1877இல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை அந்நகரிலே நிறுவப்பட்டபோது, காலனி உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் மலாய் நாட்டின் மொழி, பழக்கவழக்கம், பழஞ்சரித்திரம் ஆகியவற்றைக் குறித்து ஆங்கிலத்தில் கட்டுரைகள் வாசிக்கலாயினர். எந்த ஜனங்களைப் பற்றிப் பேசினார்களோ அந்த ஜனங்கள் கேட்போர் வரிசையில் இடம்பெற்றது அரிது. விக்டோரியா மகாராணியின் ஜூபிலியை ஒட்டி ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் புதிய மாளிகை திறக்கப்பட்ட 1887ஆம் ஆண்டிலேயே, ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வாரப் பத்திரிகையும் அவ்வூரில் வெளிவரத் தொடங்கிற்று. ஆயினும் அம்மாளிகையின் அறிவுலகமும் அப்பத்திரிகையின் வாசகருலகமும் ஒன்றையொன்று அறியாதனவாகவே இருந்தன. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: நீரிணைக் கிளையார் தாங்கள் வாசித்தவற்றை 1878 முதல் சஞ்சிகையாக அச்சிட்டு வைத்தார்களாதலால், அவர்களுடைய தவறுகளையும் உழைப்பையும் இன்றும் நாம் எடைபோட முடிகிறது.

இந்நிலை மாறியதற்கு மூலகாரணம் எந்தப் பேச்சாளரும் அல்லர். 1953இல் 3,75,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்த ரப்பர் வர்த்தகர் லீ காங் சியான் விதித்த நிபந்தனையே என்று துணிகிறேன். நூலகம் கட்டணமின்றி யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும், மண்ணில் வழங்கும் மொழிகளின் நூல்களையும் அது பேணுதல் வேண்டும் என்றார் அவர். 1957இல் அவரே அடிக்கல் நாட்டிய செங்கற் கட்டடத்தை 1960 நவம்பர் 12இல் அப்போதைய நாட்டுத் தலைவர் யூசோப் இஷாக் திறந்து வைத்தார். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழி நூல்களும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. அலமாரியில் ஒரு மொழியின் நூல் இல்லாத இடத்தில், அம்மொழியில் சரித்திரம் பேசுவோன் ஆதாரத்துக்கு எங்கே போவான்? கேட்டவனுக்கு ஐயம் எழுந்தால் எதைப் புரட்டிப் பார்ப்பான்? ஆகவே அக்கட்டடத்தின் சொற்பொழிவு மண்டபத்தைக் காட்டிலும் அதன் நூலடுக்குகளையே பொதுச் சொற்பொழிவு மரபின் உண்மையான தொடக்கமாக நான் கொள்கிறேன்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1970இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை எழுந்தது. தொடர்ந்து குடியிருப்புப் பகுதிகள்தோறும் கிளைகள் பரவின. அங் மோ கியோ நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் கூடிப் புத்தகங்களைப் பற்றி உரையாடும் வழக்கம் வேரூன்றிற்று. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியே சுரங்கப் பாதை அமைக்கும் பொருட்டு ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் இருந்த அச்செங்கற் கட்டடம் 2004இல் மூடி இடிக்கப்பட்டது. அதற்கு முன் பொதுமக்கள் எழுப்பிய ஆட்சேபம் அந்நாட்டின் சரித்திர உணர்ச்சி எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. 2005இல் விக்டோரியா ஸ்திரீட்டில் பதினாறு மாடி மாளிகை எழுந்து, பேச்சுக்கும் கண்காட்சிக்கும் விசாலமான இடம் கிடைத்தது. 2012இல் தேசிய ஆவணக் காப்பகமும் நூலகத்தை நிர்வகிக்கும் வாரியத்தோடு இணைந்ததால், நூலும் பத்திரமும் வாய்மொழிப் பதிவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன.

2015இல் சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகள் மின்வடிவம் பெற்றன. ‘சிங்கை நேச’னின் பழைய இதழ்களையும் இன்று எவரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழில் சரித்திரம் பேசுவோனுக்கு இவ்வளவு ஆதாரம் முன்பு ஒருகாலும் கைக்கெட்டியதில்லை. அச்சில் ஏறாத பேச்சோ கேட்டவர்களோடு முடிந்துவிடுகிறது. குறுகிய வட்டத்தினராயிருந்தும் நீரிணைக் கிளையார் தவறாது செய்த அந்த ஒரு காரியத்தை, பரந்த சபைக்கு முன் நிகழும் இன்றைய தமிழ்ச் சொற்பொழிவுகளுக்கும் செய்தாக வேண்டும். அவற்றை எழுத்தாக்கி, ஆதாரக் குறிப்புகளுடன் பிரசுரித்து, அந்த நூலகத்தின் அடுக்குகளிலேயே சேர்க்க வேண்டும்.